மல்லித் தொட்டியில் கிடந்த மாத்திரை

என்னங்க,

சந்தைக்குப் போறேன். சோறும், சோயாவைப் புளிக்க வச்ச தெம்பே பொரியலும் மூடி வச்சிருக்கேன். பக்கத்துலயே மாத்திரை. சாப்பிட்டதும் முழுங்கணும், துப்பக் கூடாது! காலையில தண்ணி ஊத்துறப்போ மல்லித் தொட்டியில பார்த்துட்டேன். ஸ்டென்ட் வச்சது உங்களுக்கா, செடிக்கா?

உடம்புல காத்து ஏறிடுச்சுன்னு முனகுனீங்க. காத்து இறங்கட்டும்னு வழக்கம்போல எண்ணெய் தடவி, காசு விளிம்பால முதுகைச் சுரண்டிவிட்டேன். எப்பவும் சிவக்கிற முதுகு இந்தத் தடவை நாவல்பழமாக் கறுத்துப் போச்சு. மாத்திரை ரத்தத்தைக் கெடுக்குதுன்னு நீங்களாவே முடிவு கட்டிட்டீங்க. டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த மாத்திரை சாப்பிடுறவங்களைச் சுரண்டினா அப்படித்தான் கன்னிப்போகுமாம். தப்பு என் காசு மேல. நெஞ்சு ரத்தக் குழாய்க்குள்ள வச்ச கம்பி வலையை இன்னும் தசை வளர்ந்து மூடல. இப்ப மாத்திரையை விட்டா, அதுல ரத்தம் உறைஞ்சு அடைச்சிடுமாம்.

பக்கத்து வீட்டு சுகியெம் அக்கா முதுகைச் சுரண்டக் காசோட வருவாங்க. "வீட்டுக்காரி திட்டுவா"ன்னு சொல்லி அனுப்பிடுங்க. வெட்கப்படாதீங்க, தெருவுக்கே தெரிஞ்சதுதான்.

வார்த்தினி

பி.கு: நம்ம காசு என் மடியில இருக்கு, தேடாதீங்க.

இன்னொண்ணு. முதுகு வலிச்சா ராத்திரி வெறுங்கையால நீவி விடுறேன். அதுக்கு நீங்க இருக்கணும்.