பதினெட்டாவது நிமிடம்

ஜூன் 9, 2025, திங்கள்

பாலிடெக்னிக் காலேஜ் திறந்த முதல் நாள். லேப் அட்டெண்டர் நாற்காலிக்கு அடியில் பஸ்ஸர் ஒட்டி வைத்தேன். அவர் உட்கார்ந்தால் நாற்காலி அழும், எழுந்தால் நிற்கும். ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தார். காசில்லாத் தோப்புக்கரணம். இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் இப்படித் தொடங்கினால்தான் மங்களகரம்.

சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தோணி என்று பெயர் வைத்ததற்குப் பதில் ஆன்டெனா என்று வைத்திருக்கலாம், ஊரில் எது கெட்டாலும் இவரிடம்தான் வந்து சேரும். கம்பி உருட்டும் மில்லில் காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். தலைக்கு மேல் ஓடும் கிரேன் நகரும்போதெல்லாம் கீழே நிற்பவர்களை விலகச் சொல்லிக் கத்துகிற பெட்டி அது. ஷெட்டில் நான்கு இருக்கின்றன. இது மூன்றாம் நம்பர். ஊமையாகிவிட்டது.

திறந்தேன். ஆம்ப்ளிஃபையர் சிப் வெடித்திருந்தது. 4440. பதினான்கு கால் பூரான்.

"சால்டரிங் நீ வச்சுடுமா. எனுக்குக் கண்ணு கலங்குது, கை ஆடுது. யார்கிட்டயும் சொல்லாத" என்றார் அப்பா.

மில் சாமான் நம் வீட்டுச் சமையல் மேடையில். நான் சொல்லவேண்டியதே இல்லை, அம்மா கத்தினது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜூன் 14, சனி

ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். ஏழு கடை. ஏழிலும் கேட்டேன்.

கடைசிக் கடைத் தாத்தா சிரித்தார். "4440 செத்து ரொம்ப நாளாச்சு பாப்பா. செஞ்சவன் நிறுத்திட்டான். இப்ப விக்கிறதெல்லாம் அதோட ஆவி. பாட்டு கேக்க எட்னு போ, வேற எதுக்கும் வச்சுடாத."

ஆவி வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். சிப்புக்கும் ரிடையர்மென்ட் உண்டு, பென்ஷன்தான் கிடையாது என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் பென்ஷன் கிடையாது.

ஜூன் 19, வியாழன்

மில்லின் பர்ச்சேஸ் பிரிவு எங்கிருந்தோ பத்து 4440 வாங்கிவிட்டதாம். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் சுப்பராயன் கொடுத்தனுப்பினார். (என் அகராதியில் சும்மாராயன்.) பளபளவென்று, அச்சு மாறாத எழுத்து. ஏழு கடையில் இல்லாதது இவர்களுக்கு மட்டும் எப்படி? ஆவியா, ஆசாமியா?

ஒன்றை மாட்டி ஐந்து நிமிடம் பாட்டுப் போட்டேன். பாடியது. 'டெஸ்ட் ஓகே' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். 'ஓ'வுக்குள் ஒரு சிரிக்கிற முகமும் போட்டேன். கையெழுத்து மட்டும் அப்பா.

ஜூன் 21, சனி

சும்மா மாட்டிக் கொடுத்தால் அது இந்த மெர்சியின் வேலையா? பெட்டிக்குள் குரல் பதிவாகும் சிப் தனியாக இருக்கிறது. அதில் ஓர் அம்மணி இங்கிலீஷில் யாருக்கோ ஆறுதல் சொல்வதுபோல் பேசிக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி அவளை அழித்துவிட்டு என் குரலை ஏற்றினேன்:

"மாமோய்! மேல பாரு, பாரம் வருது! ஒதுங்கு ஒதுங்கு!"

அப்பாவுக்குத் தெரியாது. மாட்டி ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் தெரிந்ததாம். ஷெட்டே வேலையை விட்டுவிட்டுச் சிரித்ததாம். சுப்பராயன் திட்டினாராம். ஆனால் மத்தியானத்துக்குள் மற்ற மூன்றிலும் அதே குரல் வேண்டும் என்று ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் வீட்டுக்கு வந்துவிட்டன. 'சிப்பும் மாத்திடு, அதுங்களும் சாவற நிலைமைதான்' என்றாராம் சுப்பராயன்.

மூன்றுக்கும் புது 4440. மூன்றுக்கும் ஐந்து நிமிடப் பாட்டு. மூன்று ஓகே, மூன்று சிரிப்பு.

ஜூன் 27, வெள்ளி

அன்புராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கிரேன் கொக்கியில் கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டும் வேலை. சொந்த ஊர் ஆரம்பாக்கம் பக்கம், இப்போது நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். போன தை மாதம்தான் கல்யாணம். அவர் மனைவி சுமலதா அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, உன் ஃபேன்ஸ் நூறு பேர் கீறாங்க அங்க. முன்னல்லாம் கட்டு கட்டசொல்ல அடிக்கடி தலையத் தூக்கிப் பாக்கணும். கழுத்து செம பேஜாரு. இப்ப பாக்கறதே வுட்டுட்டோம். நீ கூவுனா ஒதுங்குறோம், கூவலன்னா குனிஞ்ச தல நிமிர்றதில்ல."

"அப்போ நான்தான் உங்க மேனேஜர். எங்க என் நாஷ்டா காசு?"

"டப்பு இல்ல, டீ தரேன்."

இரவெல்லாம் பெருமை. நூறு ஆண்கள் என் பேச்சைக் கேட்கிறார்கள். வீட்டில் ஒருத்தர்கூடக் கேட்பதில்லை.

ஜூலை 3, வியாழன்

மீதி ஆறு சிப் என்னிடம்தான் இருந்தது. ஒன்றின் மேல் 4440 என்பதை அழித்துவிட்டு 'மெர்சி' என்று எழுதி அப்பாவைக் குழப்பலாம் என்று நினைத்தேன். நகப் பாலிஷ் அழிக்கிற தண்ணியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன்.

ஒரே இழுப்பு. எழுத்து முழுக்கப் பஞ்சில் வந்துவிட்டது.

நிஜமான சிப்பின் எழுத்து இப்படி வராது. அடியில் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். கோடுகளுக்கு நடுவில் பாதி அழிந்த வேறு ஏதோ நம்பர். எதையோ தேய்த்து 4440 என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். என்னைவிடப் பெரிய போக்கிரிகள்.

முதலில் சிரித்தேன். அப்புறம் மேலே தொங்குகிற நாலு பெட்டி ஞாபகம் வந்தது.

ஜூலை 4, வெள்ளி

மில்லுக்குள் வெக்கை எப்படி இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு பழைய போர்டில் அந்தச் சிப்பை மாட்டி, சோறு வேகும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, விடாமல் கூவ விட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, ஊடா இல்ல மில்லா?" என்றார்.

பதினெட்டாவது நிமிடம் குரல் நின்றது. கரகரப்பு, இழுவை, எதுவும் இல்லை. 'ஒதுங்கு'வில் 'ஒ' வரைக்கும் வந்தது.

ஆறவிட்டால் மறுபடி கூவுகிறது. அதுதான் மோசம். போய்ப் பார்க்கிறவனுக்கு நன்றாக இருப்பதுபோலவே இருக்கும்.

ராத்திரியே உட்கார்ந்து தேடினேன். இன்னும் செய்துகொண்டிருக்கிற சிப் ஒன்று இருக்கிறது. பதினைந்து கால், கால் வரிசையும் வேறு. பழைய போர்டில் உட்காராது. சின்னதாகப் புதுப் போர்டு வேண்டும், அகலமான அலுமினியத் தகடு வேண்டும். படம் வரைந்து அப்பாவிடம் கொடுத்தேன்.

ஜூலை 5, சனி

அப்பா சுப்பராயனிடம் சொல்லிவிட்டார். படத்தையும் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"சத்தம் வருதா, வர்லியா?"

"இப்ப வருது சார்."

"அப்புறம் இன்னா? புது போர்டுன்னா ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். மாசக் கடைசி ஷட்டவுன்ல பாக்கலாம்."

"நீங்க ஆளுங்ககிட்டயாவது சொன்னீங்களாப்பா? மேல பாருங்கன்னு?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சொன்னா யார் மாட்டுனதுன்னு வரும். நீ மாட்டுனதுன்னு வரும். மாசக் கடைசிதான, வுடு."

விட்டேன்.

ஜூலை 9, புதன்

எழுத ஒன்றுமில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்.

ஜூலை 15, செவ்வாய்

அன்பு அண்ணன்.

மூன்றாம் நம்பருக்குக் கீழே. லாரிகள் வரிசையில் நின்றதால் கிரேனை நிறுத்தவே இல்லையாம். பெட்டி கூவிக்கொண்டே இருந்து — நின்றிருக்கிறது. அவர் குனிந்து அடுத்த கட்டுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பின்னாலிருந்து கட்டு வந்து

அப்பா சட்டையெல்லாம் ரத்தம். அவருடையது இல்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கவில்லை.

ஜூலை 16, புதன்

வலது கால். தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 17, வியாழன்

எனக்கு இன்னா தெரியும்? எனக்குத் தெரியாதா? அடுப்பாண்ட வச்சுப் பாத்தது யாரு? பதினெட்டுன்னு எண்ணுனது யாரு? அன்பண்ணன் ஊடு நாலு தெரு தள்ளி. நடந்து போயி, அண்ணே மேல பாரு, என்ன நம்பாதன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆயிருக்கும்? பன்னெண்டு நாள் இருந்துச்சே. பன்னெண்டு நாளும் நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?

ஜூலை 19, சனி

சுப்பராயன் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாக. இது முதல் தடவை. ஒரு பேப்பர். பெட்டி நல்ல நிலையில் இருந்தது என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அன்புராஜ் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அதற்குக் கீழே இரண்டாவது வரி.

"பொட்டி இப்பவும் கூவுது அந்தோணி, போய்ப் பாத்தேன். கூவுற பொட்டிய கூவலன்னு எப்படி எழுதறது?" குரலைத் தணித்துக்கொண்டார். "அதுவுமில்லாம, யாரு ரிப்பேர் பண்ணதுன்னு நான் கேக்கல. கேக்க வெக்காத."

என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த என் டைம்டேபிளைப் பார்த்தார்.

அன்பு அண்ணன் தப்பு என்று ஆகிவிட்டால் அவருக்கு நஷ்ட ஈடு வராது. எங்கள் தப்பு என்றால் அப்பாவுக்கு வேலை போகும். கேஸும் வரலாம். அப்பா பேப்பரை மடித்து பைபிளுக்குள் வைத்தார். ஆகஸ்ட் ஐந்து, செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டுமாம். அன்றைக்குத் திருவள்ளூரில் தொழிற்சாலைத் துறை விசாரணை.

ஜூலை 23, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. சுமலதா அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

"இயர்போனாம் பாப்பா. என் ஃபோனே லாக்கர்ல இருந்துச்சு." என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு இன்னா ஆச்சு உனுக்கு? நீ கூவலியேன்னுதான் நான் குனிஞ்சுக்கினே இருந்தேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்கூலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதுபோல் கேட்டார்.

நான் சொன்னேன். நகப் பாலிஷ், அடுப்பு, பதினெட்டு, எல்லாம். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா வந்தார். நான் வந்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் அன்பு அண்ணனுக்காகவும் ஜெபித்தார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மத்தியானம் வீட்டில் சண்டை. அம்மா தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"அவங்காலு போச்சு. அதுக்கு நம்ம சோறும் போவணுமா? பொண்ண இழுத்து வுடுவியா? போட்டுத் தொலையேன் கையெழுத்த."

"இப்பவும் அந்தப் பொட்டிங்க மேலதான் தொங்குது சாராளு. அதே சிப்பு. கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"நீ நிக்கல இல்ல?"

"நானும்தான் நிக்கிறேன்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், எத்தனை என்று தெரியாமல். குழம்புக்கு இரண்டு போதும். ஒரு முறம் நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெரியபாளையம் வழியாக பஸ். அப்பா ஜன்னலோரம். என்னிடம் தீப்பெட்டியில் மீதி சிப்புகள், பஞ்சு, நகப் பாலிஷ் அழிக்கிற குட்டி பாட்டில். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் பையில் அந்தப் பேப்பரும் இருந்தது, கையெழுத்துப் போடாமல். அவர் போடுவாரா மாட்டாரா என்று எனக்கு கடைசிவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

விசாரித்த அதிகாரி செண்பகம் மேடம். சுப்பராயன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பெட்டியை ரிப்பேர் பண்ணினது யார்?"

அப்பா உதட்டை நனைத்தார். நான் எழுந்தேன். தீப்பெட்டியைத் திறந்து, எழுத்து அழியாத ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தேன். 4440 போய்விட்டது. பஞ்சை அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

மேடம் சிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூன்றாம் நம்பர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டின் ஃபோட்டோவைக் காட்டினார். "இந்த ஓகே? இந்தப் பொம்மை?"

"நான் எழுதினது மேடம்."

"வயசு என்ன உனக்கு?"

"பதினேழு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாப்பா இல்ல மேடம்." அப்பா எழுந்து நின்றிருந்தார். "நான்தான் ஊட்டுக்கு எட்னு போயி குடுத்தேன். டூப்ளிகேட்டுன்னு அது கண்டுபுடிச்சு சொல்லுச்சு. சார்கிட்ட சொன்னேன், படமும் குடுத்தேன். ஆனா ஆளுங்ககிட்ட நான் சொல்லல. அது என் தப்பு. அன்பு காதுல எதுவும் இல்ல மேடம். அவன் காது நல்லாத்தான் கேக்கும். கேக்கறதுக்குத்தான் எதுவும் இல்ல."

சுப்பராயன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தில்லாத அந்தச் சிப்பையா, பஞ்சையா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது அப்பா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். இருவரும் சாப்பிடவில்லை. பொட்டலம் சூடு ஆறும்வரை என் மடியில் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பாவை மில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

விசாரணை அறிக்கையில் இயர்போன் வரியை எடுத்துவிட்டார்களாம். அன்பு அண்ணனின் நஷ்ட ஈட்டு மனுவை ஏற்றுக்கொண்டார்கள். எப்போது கையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பேரிலும் ஒரு விசாரணை நடக்கிறது. சுமலதா அக்கா வழியில் பார்த்துத் தலையசைத்தார். நிற்கவில்லை.

அப்பா இப்போது கவரைப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற ஒரு கடையில். அம்மா அவருக்குச் சோறு கட்டுகிறார். லேப் அட்டெண்டர், "இன்னாமா, பஸ்ஸர் எல்லாம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

அப்பாவின் அடையாள அட்டை, ஹெல்மெட், ஷூ மூன்றையும் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். அவர் போகவில்லை. நான் போனேன். வாட்ச்மேன் வாங்கி வைத்துவிட்டு, ரசீதுக்கு ஆள் வரும், உட்கார் என்றார்.

ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்தது.

"மாமோய்! மேல பாரு, பாரம் வருது! ஒதுங்கு ஒதுங்கு!"

"நாலு பொட்டிக்கும் போர்டு மாத்திட்டாங்க," என்றார் வாட்ச்மேன். "பெரிய தகடு போட்டு, பதினஞ்சு காலு சிப்பாம். சுப்பராயன் சாரே படம் குடுத்தாராம். கொரலு மட்டும் பழசே. அத யாரும் தொடல."

ரசீது வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம். பதினைந்து. பதினேழு. பதினெட்டில் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஒதுங்கு ஒதுங்கு.

பத்தொன்பது. இருபத்தைந்து. நாற்பதாவது நிமிடத்திலும் உள்ளே நான் கூவிக்கொண்டேதான் இருந்தேன், விளையாட்டுக்குப் பேசின அதே குரலில்.

"யாருக்குனா காத்துக்கினு கீறியாமா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

இல்லை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.