ஒற்றைக் கோட்டு மீற்றர்

கொட்டாஞ்சேனை
மார்ச் 10

அன்பின் தங்கச்சி டில்ஷானிக்கு,

நீ போனை எடுக்கிறாய் இல்லை. அதனால் இதை எழுதிக் கடை வான் வண்டியில் கிருலப்பனைக்குக் கொடுத்துவிடுகிறேன். கூடவே உன் அண்ணி டோரின் நண்டுக்கறி தருகிறாள். தவக்காலம் என்று இறைச்சி வைக்கவில்லை.

உன் கோபம் நியாயம். படகு ரேடியோ எவ்வளவு வலுவோடு அனுப்புகிறது என்று அளக்கும் பெட்டியை மினக்கெட்டுச் செய்தவள் நீ. தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரு கோடு, உயர்ந்ததற்கு இன்னொரு கோடு என்று முகப்பைக் கீறித் தந்தாய். நான் தாழ்ந்ததற்கான ஒரு கோட்டை மட்டும் அச்சடித்தேன். இரண்டு கோட்டைக் கண்டால் வாங்க வந்தவன் தலையைச் சொறிந்துவிட்டு அடுத்த கடைக்குப் போவான். யாவாரத்தில் நான் கண்டது அது.

நேற்று படகுக்கார றெஜி வந்தான். நடுக்கடலில் எஞ்சின் நின்று ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறான், ஒருவருக்கும் கேட்கவில்லை. தற்செயலாக வந்த இன்னொரு படகுதான் இழுத்து வந்ததாம். புறப்படமுன் நம் பெட்டியில் பார்த்தபோது முழு வலு காட்டியதாம். “உங்கட பெட்டி பிழையாக் காட்டாது அண்ணை. என்ர ரேடியோவுக்குத்தான் இடையில சனியன் பிடிச்சிட்டுது” என்றான். ஏசியிருந்தால் நிம்மதியாய் இருந்திருக்கும். கோட்டின் கதையைச் சொல்லாமல் புது ரேடியோ ஒன்றை விற்று அனுப்பினேன்.

மற்றக் கோடும் இருந்திருந்தால் அவனுக்கு முன்னமே தெரிந்திருக்குமா? மறைக்காமல் எழுது.

அண்ணா
கிளெமென்ற்


கிருலப்பனை
மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓம், தெரிந்திருக்கும். றெஜியின் ரேடியோ உயர்ந்த அலைவரிசை. அதில் பெட்டிக்குள் வலுவை அளக்கும் டயோடு கூட்டித்தான் காட்டும். பாதி வலுவை முழு வலு என்று சொல்லும். அதற்குத்தான் இரண்டாவது கோடு.

என்னையும் சும்மா விடாதேங்கோ. நீங்கள் அச்சடித்ததைக் கண்ட அன்று சத்தம் போட்டுவிட்டுப் போனை நிறுத்தினேன். கடைக்கு வந்து பெட்டிகளைத் தட்டிலிருந்து இறக்கவில்லை. கோபப்பட்டதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கிழமை முழுக்க இருந்து, டயோடுக்கு முன்னால் மின்தடைகள் போட்டு மாற்றியிருக்கிறேன். இனி எல்லா அலைவரிசைக்கும் ஒரே கோடு போதும். ஆனால் ஊசி முந்திமாதிரித் துள்ளாது. பெட்டி பழுதோ என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

ஒன்று கேட்க வேணும். றெஜி அந்தப் பழைய பெட்டியை இன்னும் வைத்திருக்கிறாரா?

டோரின் அண்ணியின் டப்பா இத்துடன் வருகிறது.

டில்ஷானி


கொட்டாஞ்சேனை
மார்ச் 18

அன்பின் தங்கச்சி,

வைத்திருக்கிறான். அதைத் திருப்பி வாங்கிவைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

உன் கடிதத்தை வாசித்த கையோடு கடையைப் பூட்டிவிட்டு முகத்துவாரத்திலுள்ள றெஜி வீட்டுக்கு ஓடினேன். படகு முந்தநாளே கடலுக்குப் போய்விட்டது. வீட்டில் அவன் மனைவி நேசம் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் ஏசவில்லை. “புது ரேடியோவையும் அந்தப் பெட்டியில பார்த்தவர். ஊசி முழுக்கப் போகுது எண்டு எனக்கும் காட்டினவர். அதாலதான் போகவிட்டனான்” என்றாள்.

ரேடியோ நல்ல சாமான்தான். ஆனால் அது பாதி வலுவுக்கு விழுந்தாலும் அந்தப் பெட்டி முழு வலு என்றுதான் காட்டும்.

கடையில் கிடந்த பெட்டிகள் அத்தனையும் வானில் வருகின்றன. வாங்கிப்போன மற்றவர்களைத் தேடி நாளைக்குக் கிளம்புகிறேன். உன் புதுப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிடு. றெஜி கரைக்கு வரும்போது அதோடு நான் அங்கே நிற்க வேணும்.

அவன் எப்போது வருவான் என்று அறிய நேசத்திடம் என் நம்பரைக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். பெட்டியைச் செய்தவளின் நம்பரைக் கேட்டாள், கொடுத்திருக்கிறேன்.

என்னுடைய போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் கூப்பிட்டால் எடு.

அண்ணா