ஒரே இடத்துக்கு இரண்டு பேர்

ஜூலை 8, செவ்வாய்

மைதானம் ஈரமாக இருந்ததால் உள்ளரங்கத்தில் கூடைப்பந்துப் பயிற்சி. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் கோச்சின் விசில்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

பந்தை முன்னால் கொண்டுபோகிற கார்டு இடம் அணியில் இரண்டு. ஒன்று கேப்டனுடையது, அதில் பேச்சே இல்லை. இன்னொன்றில் போன வருடம் வரை ஒரு சீனியர் ஆடினார். இரண்டு வருடமாக அவருக்குப் பதில் ஆளாக நான் பெஞ்சைத் தேய்த்தேன். அவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். நான் நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் வருடம். இனி அது உன் இடம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்று முதல் வருடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். என் தோள் உயரம்கூட இல்லை. "என்னடி இது, குருவி மாதிரி இருக்கு?" என்றாள் கேப்டன். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கோச் அவளை எனக்கு எதிரே நிறுத்தினார். வலது பக்கம் வருகிறாள் என்று நகர்ந்தேன். இடது பக்கம் போய்விட்டிருந்தாள். மறுபடியும். மறுபடியும். தண்ணீருக்குள் மீனைப் பிடிக்கப் பார்ப்பது போல.

சாயங்காலம் விடுதிக்கு வந்தால், என் அறையில் காலியாக இருந்த கட்டிலில் அதே குருவி. வார்டனின் வேலை. "அக்கா, நீங்களா!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூலை 9

இன்றும் பிடிக்க முடியவில்லை.

ஜூலை 26, சனி

முதல் ஆட்டம். கோச் ஐந்து பேரின் பெயரைப் படித்தார். நான் எழுந்துகொள்ளத் தயாராகக் காலை மடக்கி வைத்திருந்தேன். படித்து முடித்த பிறகும் மடக்கியபடியே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோச் கூப்பிட்டார். "நீ நிதானமா ஆடுற. தப்பு பண்ண மாட்ட. ஆனா எனக்கு இப்ப வேகம் வேணும்." சரி மேடம் என்றேன். வேறு என்ன சொல்வது? நிதானம் என்பது பாராட்டா, திட்டா? நாள் முழுக்க யோசித்தேன். இரண்டுமில்லை. அது வெறும் காரணம்.

அப்பா போன் செய்தார். "எறக்கினாங்களா?"

"கொஞ்ச நேரம்பா."

"கொஞ்ச நேரம்னாலும் ஆட்டம் ஆட்டம்தான்" என்றார். பின்னால் அம்மா, "பந்து பொறுக்கிப் போடவா இவ்வளவு பால் ஊத்தி வளத்தேன்?" என்று கத்தியது கேட்டது. சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

அப்பா வந்திருந்தார்!

வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் தன் முறையை வேறு டிரைவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விசேஷத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை, கையில் குடை. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் அணி கூடை போட்டதும் மற்றவர்கள் கத்துவார்கள். அவர் மட்டும் பெஞ்சைப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும். நான் தரையைப் பார்த்தேன்.

கோச்சிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன் — மேடம், எங்க அப்பா வந்திருக்காங்க, ஒரே ஒரு நிமிஷம். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஆட்டம் கடைசி வரை இழுபறி. குருவிதான் ஜெயிக்க வைத்தாள். என்னை இறக்கவே இல்லை.

வெளியே வந்ததும் அப்பா என் தலையில் கை வைத்தார். "நீ எந்திரிச்சு நின்னு கை தட்டுனியே, அதுதான் எல்லாத்தையும் விட பலமா கேட்டுச்சு."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 10

எனக்கு என்ன குறை? நேரத்துக்கு வரேன். எல்லாருக்கும் முன்னாடி வரேன். ஒரு நாள் லீவு போட்டது கிடையாது. அவ என்னடான்னா எந்திரிக்கவே மாட்டா, நான்தான் எழுப்பி விடணும். நான்! என் இடத்தைப் பிடுங்குறவள நானே எழுப்பி, பல் தேய்க்க வெச்சு, கூட்டிட்டுப் போறேன். என்னை விட முட்டாள் உண்டா?

வெறுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். என் காலுறையைப் போட்டுக்கொண்டு போய், கேட்டால், "உங்களோடதுன்னாதான் அக்கா கால் சொன்னபடி கேக்குது" என்கிறாள். கொழுப்பு.

ஆடணும். வேறு ஒன்றும் வேண்டாம். பந்து தரையில் பட்டு உள்ளங்கைக்குத் திரும்பி வரும்போது, எதிரே ஐந்து பேர், என் பக்கம் நான்கு பேர், எல்லாரும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடி. அது வேண்டும். பயிற்சியில் அது வராது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாடிப்படியில் குருவி எனக்கு முன்னால் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக. பிள்ளைத்தாய்ச்சி போல. என்னைப் பார்த்ததும் விறுவிறுவென்று ஓடி இறங்கினாள்.

அறையில் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். காலைக் காட்டு என்றேன். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஓர் இடம் வீங்கி இருந்தது. விரலால் லேசாகத் தொட்டேன். தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. ஆட ஆரம்பிச்சா வலி மறந்துரும். அக்கா, கோச்கிட்ட சொல்லிராதீங்க. சொல்ல மாட்டீங்கல்ல?"

போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

ஆகஸ்ட் 31

நீயே போய்ச் சொல் என்று இன்று முழுக்கக் கெஞ்சினேன். டாக்டரிடம் நானும் கூட வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. கடைசியில் வெடித்துவிட்டாள்.

"ஒரு வாரம் உக்காந்தேன்னா அப்புறம் என்னை யாரு எழுப்புவா? நீங்க ரெண்டு வருஷமா உக்காந்துதான இருக்கீங்க? உங்களை யாராவது எழுப்புனாங்களா?"

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

சொல்லாவிட்டால் அவள் கால் போகும். சொன்னால் இடம் எனக்கு வரும். நல்லது செய்தால் எனக்கு லாபம்! இப்படி ஒரு நல்லதை யார் நம்புவார்கள்? நானே நம்புகிறேனா? அவள் காலைப் பார்த்தபோது முதலில் மனதில் வந்தது என்ன — ஐயோ என்றா? இல்லை, அடுத்த ஆட்டமா?

இரண்டும் சேர்ந்தே வந்தன. எது முந்தியது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பயிற்சியில் குருவி எம்பிக் குதித்து இறங்கியபோது முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பழகியவள் நான் ஒருத்திதான்.

பயிற்சி முடிந்ததும் கோச் அறைக்குப் போய்ச் சொன்னேன். "நீ ஏன் சொல்றன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார்.

கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

எலும்பில் மயிரிழை விரிசல். இன்னும் சில ஆட்டங்கள் ஆடியிருந்தால் முழுதாக முறிந்திருக்கும் என்றாராம் டாக்டர். ஆறு வாரம் ஓடக்கூடாது.

அறைக்கு வந்தேன். குருவியின் கட்டிலில் மெத்தை மட்டும் இருந்தது. கீழ்த்தளத்தில் இடம் கேட்டு மாறிவிட்டாள். படி ஏற முடியாது என்று வார்டனிடம் சொன்னாளாம். நியாயமான காரணம்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் கேப்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ பண்ணது சரிதான். ஆனா ஏனோ எனக்கே உன்னைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும்தான் என்றேன்.

செப்டம்பர் 13, சனி

முதல் ஐந்தில் நான். முழு ஆட்டம்.

இதை எத்தனை முறை கற்பனை செய்திருப்பேன்! முதலில் இரண்டு பந்தை விட்டேன். பிறகு சரியாகிவிட்டது. கேப்டனுக்குப் பந்து கொடுத்தேன், வாங்கினேன், இரண்டு கூடை போட்டேன். ஜெயித்தோம். அந்த நொடி வந்தது. நான் நினைத்தபடியே இருந்தது, கொஞ்சமும் குறையாமல். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

போனில் அப்பா போட்ட கூச்சலில் டிப்போவே கூடிவிட்டதாம். அம்மா போனைப் பிடுங்கி, "கை கால் எல்லாம் முழுசா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

குருவி பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கூடை போட்டபோது கை தட்டினாள். என்னைப் பார்க்காமல்.

செப்டம்பர் 30

பயிற்சியில் இப்போது எனக்கு எதிரே, நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவளை நிறுத்துகிறார் கோச். நல்ல பெண். அவள் திரும்புவதற்குள் நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றோம். கோச் திட்டவில்லை. "உன்னை யாரும் தொரத்தல, அதான்" என்று மட்டும் சொன்னார்.

அறையில் பேச ஆளில்லை. என் காலுறைகள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. காலையில் எழுப்ப யாரும் இல்லாததால் நானும் தாமதமாக எழுகிறேன். வராந்தாவில் அவளைப் பார்த்தால் நின்று வழிவிடுகிறாள். அக்கா என்பதில்லை. எதுவும் என்பதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

அக்டோபர் 20, திங்கள்

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். குருவி வந்தாள். கோச் ஒன்றும் யோசிக்காமல் அவளை எனக்கு எதிரே நிறுத்தினார்.

வலது பக்கம் வருகிற மாதிரி காட்டினாள். நான் இடது பக்கம் போய்ப் பந்தைத் தட்டினேன். அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் இல்லாதப்ப கை நீளமாயிருச்சோ?"

ஏழு வாரத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. "உனக்குத்தான் உடம்பு போட்டுருச்சு. நல்லா தின்னுட்டு உக்காந்தியா?" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த முறை என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

சனிக்கிழமையிலிருந்து யார் ஆடப்போகிறோம் என்று தெரியாது. ஆனாலும் இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவம்பர் 8, சனி

அரையிறுதி. விவரமாக எழுத வேண்டும், மறந்துபோகக்கூடாது.

கேப்டனும் நானும் தொடங்கினோம். குருவியை நடுவில் கொஞ்ச நேரம் எனக்குப் பதிலாக இறக்கினார்கள், திரும்ப எடுத்தார்கள். கடைசிப் பகுதியில் கேப்டனுக்கு ஐந்தாவது ஃபவுல். விதிப்படி அவள் வெளியே. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதபடி போனாள். கோச் பெஞ்சைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

குருவி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் உறைத்தது — நாங்கள் இருவரும் ஒரு நாள்கூட ஒரே பக்கம் ஆடியதில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் அல்லவா? பயிற்சியில் எப்போதும் எதிரெதிரே. ஆட்டத்தில் ஒருத்தி உள்ளே என்றால் மற்றவள் வெளியே.

ஆனால் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். மாதக்கணக்காக அதை மட்டும்தானே படித்தேன்! வலது பக்கம் தோளைச் சாய்த்தாள். எதிரணிப் பெண்கள் இருவரும் அங்கே ஓடினார்கள். நான் பார்க்காமலேயே இடது மூலைக்குப் பந்தை வீசினேன். அங்கே யாரும் இல்லை. பந்து போய்ச் சேர்ந்தபோது அவள் இருந்தாள். கூடை!

மறுபடியும் வீசினேன். மறுபடியும் கூடை. பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தவர்கள், இப்படியே ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்துவிட்டோம். கூட்டம் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

கடைசியில் ஒரு புள்ளியில் தோற்றோம். மணி அடிக்கும்போது பந்து என் கையில்தான் இருந்தது.

உடை மாற்றும் அறையில் குருவி என் பக்கத்தில் ஷூவைக் கழற்றினாள். "அன்னைக்கி நீங்க சொன்னது சரிதான். டாக்டர் படத்தக் காட்டினாரு. ஆனா எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்."

"நெறய இருக்கு."

"இருக்கட்டும்டி. அடுத்த வருஷம் கேப்டன் இருக்க மாட்டா. ரெண்டு இடம் ரெண்டு பேருக்கு. கோவத்தோடயே ஆடு."

அவள் ஷூ நாடாவில் விழுந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே, "ஆடலாம்" என்றாள்.

நவம்பர் 24

அரையிறுதியைப் பார்க்க வேறு ஊரிலிருந்து ஒரு பெரிய கல்லூரியின் கோச் வந்திருந்தாராம். குருவியைக் கேட்டிருக்கிறார்கள். படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவள் அடித்த அந்தக் கூடைகளைத்தான் சொன்னாராம்.

நான் வீசிய பந்துகள்.

குருவி என் அறைக்கு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். "போகட்டுமா?" என்றாள். அதை என்னிடம் கேட்கிறாள்!

"போகாம? காலைப் பாத்துக்கோ. வலிச்சா வாயத் தொறந்து சொல்லு. அங்க உளவு சொல்ல நான் இருக்க மாட்டேன்" என்றேன். சிரித்தாள். பிறகு அழுதாள். நான் அழவில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோச் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் உன் இடத்துக்குப் போட்டியே இல்ல. நீதான் கேப்டன்." நன்றி மேடம் என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

விடுமுறை. வீடு. அப்பாவின் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. கூடையில் வலை இல்லை, வளையம் மட்டும். காலையில் தனியாகப் போனேன்.

கொஞ்ச நேரம் ஓடினேன். கூடை போட்டேன். நன்றாகவே விழுந்தது. கை சொன்னபடி கேட்டது.

பிறகு என்ன நினைத்தேனோ, பார்க்காமல் இடது மூலைக்கு ஒரு பந்து வீசினேன். அது தரையில் பட்டு, எழும்பி, உருண்டு, நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸின் சக்கரத்தில் போய் முட்டி நின்றது.

நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் அங்கேயே வீசினேன்.