மெடிக்கலில் பார்க்காத இடம்

பதுளை
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, காலை 10.20
நான் எடுத்த போன் கோல் 14. நீங்கள் பதில் சொன்னது 0.

அன்புள்ள மத்தேயு மச்சானுக்கு,

றொனி எழுதுவது. சுகமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நமுனுகுலப் பக்கம் மழை இல்லை, காற்றுதான் தோட்டத்து லயத்து வீடுகளின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. உங்கள் வீட்டுக் கூரையில் ஆடிக்கொண்டிருந்த தகரத்தைப் போன ஞாயிறு நானே ஏறி அடித்துவிட்டேன்.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் இதைப் பண்டாரவளைத் துணிக்கடை ஸமீம் நானாவின் மகன் ஷாஹ்மியிடம் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து நாளை டோஹாவுக்குத் திரும்புகிறான். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்கு நடக்கும் கிளினிக்குக்கு மிட்வைஃப் மிஸ் கூப்பிட்டு அக்கா போனாள். கருப்பை வாயில் எச்.பி.வி. என்ற வைரஸ் இருப்பதாக ரிசல்ட் வந்தது. ஒளிக்காமல் அன்றைக்கே உங்களுக்குச் சொன்னாள். நீங்கள் ரூமில் யாரிடமோ விசாரித்திருக்கிறீர்கள். இது ஆண் பெண் உறவில் தொற்றுவது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது சரி. அதற்குப் பிறகு நீங்கள் போட்ட கணக்குத்தான் பிழை. வெளிநாடு போக எடுத்த மெடிக்கலில் உங்களுக்கு 'ஃபிட்' என்று வந்தது, உங்கள் ரத்தம் சுத்தம், அப்படியென்றால் இது வேறு எங்கிருந்தோ வந்தது. இதுதானே உங்கள் கணக்கு? அவள் ரத்தத்தையும் சோதித்துச் சுத்தம் என்று ரிப்போட் அனுப்பினால்தான் இனிப் பேச்சு என்று சொன்னீர்களாம். தம்பிதான் லேபில் இருக்கிறானே, அவனே எடுத்து அனுப்பட்டும் என்றும் சொன்னீர்களாம்.

மச்சான், உங்கள் மெடிக்கலில் இந்த வைரஸைப் பார்க்கவே இல்லை. அந்த 'ஃபிட்' முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நானும் நீங்களும் உட்பட எந்த ஆணும் தனக்கு இது இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. வந்தது தெரியாமல் வந்து, போனது தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. இது ரத்தத்தில் ஓடும் வைரஸ் இல்லை. கருப்பை வாயின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடி அடுக்கில் போய் உட்காரும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. தான் இருக்கும் செல்லைச் சாகடிக்காது, அதனால் உடம்புக்குச் சீக்கிரம் துப்புக் கிடைக்காது. துப்புக் கிடைத்ததும் சண்டை அந்த இடத்திலேயே நடக்கும். எதிர்ப்புச் செல்கள் அங்கேயே வந்து, அங்கேயே காவல் இருக்கும். முக்கால்வாசிப் பெண்களுக்கு மேல் ஒன்றிரண்டு வருடத்தில் அவை ஜெயித்துவிடும். சிலருக்கு மிச்சம் சொச்சம் அடங்கிக் கிடந்து, காவல் தளரும்போது வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்தவர். கொழுந்தில் கொப்புளம் விழுந்தால் கொழுந்தைத்தானே திருப்பிப் பார்ப்பீர்கள், ஆற்றுத் தண்ணீரையா அள்ளிப் பார்ப்பீர்கள்?

அதனால் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. உங்கள் கல்யாணத்துக்கு முன்பே உங்கள் உடம்பில் வந்து, உங்களிடமிருந்தே அவளுக்கு வந்திருக்கலாம். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல ஆதாரம் இல்லை. உங்களுக்கும் இல்லை.

நீங்கள் கேட்ட ரிப்போட்டைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க என்னால் முடியும். சுத்தம் என்றுதான் வரும். பொய்யும் இல்லை. அக்காவே கெஞ்சினாள். "குடுத்துருடா றொனி, அந்த மனுசனுக்கு நிம்மதி வரட்டும்" என்றாள். நான் முடியாது என்றேன். ஏன் தெரியுமா? அவளுக்குக் கருப்பை வாய்ச் செல்களில் சின்ன மாற்றம் தெரிகிறது. வருகிற வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க டாக்டர் திகதி கொடுத்திருக்கிறார். இப்போது பார்த்தால் சின்ன வேலை. விட்டுவிட்டால் சில வருடங்களில் புற்றுநோயாகலாம். அக்கா போகமாட்டேன் என்கிறாள். போனால் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடுமாம். ஒன்றுக்கும் உதவாத அந்தச் சுத்த ரிப்போட்டும் கைக்கு வந்தால் அதைக் காட்டியே வீட்டில் இருந்துவிடுவாள்.

உங்கள் அம்மாவிடமும் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மெடிக்கல்ல நெஞ்சப் பாத்தானுங்க, ரத்தத்தப் பாத்தானுங்க, எம்மகனோட மண்டையப் பாக்க மறந்துட்டானுங்க" என்றார். இதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லை மச்சான். அவளுடைய உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, டாக்டர் அவர் வேலையைச் செய்வார். அவள் நேரத்துக்குப் போனால் இது சரியாகிற விஷயம். போக வைப்பதுதான் மிச்சம். நான் சொல்லி அவள் கேட்கவில்லை.

வெயிலில் நிற்கிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கர்த்தர் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
றொனி

இனி நான் செய்யப்போவது:

1. ரத்த ரிப்போட் அனுப்பமாட்டேன். மறுபடி கேட்க வேண்டாம்.

2. வியாழன் காலை நம் ரஜீவின் த்ரீவீல் ஆட்டோ லயத்துக்கு வரும். உங்கள் அம்மா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டார். அக்கா ஏறும்வரை வண்டி நிற்கும்.

3. டாக்டர் என்ன சொன்னாலும் அது அக்காவுடையது. உங்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்வாள்.

4. புதன் மாலை வேலை முடிந்து லயத்துக்குப் போவேன். அக்காவின் போனைச் சார்ஜ் செய்து, சிக்னல் எடுக்கும் அந்த ஜன்னலில் வைத்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அவளுக்கு ஒரு கோல் எடுங்கள். வைரஸைப் பற்றி நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லுங்கள்.