பெற்றோர் கூட்டத்துக்கு வராத அப்பாவுக்கு

அப்பா,

இன்று சிதம்பரத்தில் கல்லூரி அரங்கத்துக்குள் நுழைந்ததும் வார்னிஷ் வாசனை அடித்தது. மேடைக்குப் புதிதாகப் பலகை போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கடலூரில் நம் கடைதான் கண்ணில் வந்து நின்றது. முழங்கைவரை வார்னிஷ் அப்பிக்கொண்டு நீங்கள். நீங்கள் போய் நான்கு வருடமாகிறது. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், முடியவில்லை.

உங்கள் பேத்தி இப்போது நான் படித்த அதே கல்லூரியில் கடைசி வருடம். இன்று பெற்றோர் கூட்டம். பழைய மாணவியும் நான், மாணவியின் அம்மாவும் நான் என்பதால், கல்லூரிக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெற்றோர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது உடம்பு கூசியது. நான் உங்களை உட்காரவிடாத நாற்காலி அது.

நீங்கள் சவப்பெட்டி செய்கிறவர். அதைச் சொல்ல எனக்கு அப்போது நாக்கு எழவில்லை. விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'மர வியாபாரம்' என்று எழுதினேன். கடைக்கு வருகிற யாரையும் நீங்கள் 'வாங்க' என்று கூப்பிட மாட்டீர்கள்; அந்த வாசலில் அது ஆகாத சொல். நான் விடுதிக்குக் கிளம்பும்போதுகூட, கடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் "போயிட்டு வா பாப்பா" என்பீர்கள். எனக்காக அவ்வளவு பயந்த மனிதரைப் பற்றித்தான் நான் வெட்கப்பட்டேன்.

இரண்டாம் வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் துறைத் தலைவர் என்னை விடுதியிலிருந்து தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போனார். அவர் மனைவி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, கஞ்சி வைத்துப் பார்த்துக்கொண்டார். விட்டுப்போன பாடத்தையெல்லாம் ஆசிரியர்கள் முறை வைத்து அங்கே வந்து நடத்தினார்கள். தேர்வு எழுதி முடித்த பிறகுதான் உங்களுக்குச் சொன்னேன். அதுவும் போனில்.

"அவுங்கள நேர்ல பாத்து ஒரு கும்புடு போடணும் பாப்பா. பெத்தவங்கள எப்ப கூப்புடுவாங்க?"

"அரியர் வெச்சவங்க வூட்லேருந்துதான் கூப்புடுவாங்கப்பா. நீங்க வர வேணாம்."

பச்சைப் பொய். பருவத்துக்கு ஒருமுறை எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டார்கள். நீங்கள் அதை நம்பியதோடு நிற்காமல் ஊருக்கே சொன்னீர்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாரைப் பார்த்தாலும், "எம் பொண்ணு காலேஜ்ல என்னை ஒரு வாட்டிகூட கூப்புட்டதில்ல, தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்துவீர்கள். பக்கத்தில் நின்று நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசி வருடம் அந்தத் துறைத் தலைவர் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குப் பூர்வீகம் கடலூர். பெட்டிக்கு நம் கடையில்தான் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. சிதம்பரத்தில் அவர் வீட்டு வாசலில் பூமாலையோடு வரிசையில் நின்றிருந்தேன். மினி லாரியிலிருந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இறங்கினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். என் தோழி கேட்டாள்:

"யாருடி அவுரு? உன்னையே பாக்குறாரு."

"தெரியல."

நாலடி தூரம். உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து லாரி ஓரமாக நின்றீர்கள். அங்கே எங்கள் ஆசிரியர் ஒருவர் யாரிடமோ அழுதுகொண்டிருந்தார். "ஒவ்வொரு பேரன்ட்ஸ் மீட்டிங்லயும் ஒருத்தர வுடாம உக்கார வெச்சிப் பேசுவாரு சார். அத்தன பேரோட அப்பா அம்மாவையும் அவருக்குத் தெரியும்." நீங்கள் தலையைக் குனிந்தபடி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

மறுநாள் நீங்கள்தான் போன் செய்தீர்கள்.

"உன் கல்யாணக் கட்டிலுக்குனு வெச்சிருந்த தேக்குல செஞ்சேன் பாப்பா. என்னால ஆனது அதான். கட்டில அப்பறம் பாத்துக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "கூட பசங்கல்லாம் இருந்தாங்க, அதான் கூப்புடல" என்றீர்கள்.

கோயில் வாசலில் அந்தப் பெருமையை அதன்பிறகு நீங்கள் யாரிடமும் பேசவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. என் கல்யாணம் நடந்தது, பேத்தி பிறந்தாள், அவளை மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ கதை பேசினோம். இந்த ஒன்றை மட்டும் இருவரும் தொடவில்லை. கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பீர்கள். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

இன்று மைக்கின் முன்னால் நின்றதும் எழுதி வைத்திருந்ததைப் படிக்க முடியவில்லை. "எங்கப்பா கடலூரில் சவப்பெட்டி செய்தார்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன், தேக்கைப் பற்றிச் சொன்னேன். "இந்தக் கல்லூரிக்கு அவர் செய்த நன்றி அதுதான். வாயால் சொல்ல ஆசைப்பட்டார், நான் விடவில்லை" என்றேன். என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கும் இது புதிது.

முன்வரிசையில், கல்லூரி அழைத்திருந்த எங்கள் துறைத் தலைவரின் மனைவி இருந்தார். வயதாகிவிட்டது, கைத்தடியோடு வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் பெட்டிய வெச்சிட்டு உங்கப்பா எங்கிட்ட வந்து கும்புட்டாரும்மா. 'எம் பொண்ணுக்கு நீங்க செஞ்சத மறக்க மாட்டேன்'னாரு. எங்க வூட்ல எத்தினியோ பசங்க வந்து தங்கிட்டுப் போயிருக்கு, யாரு பொண்ணுன்னு கேட்டேன். வாசல்ல நின்ன உங்களையெல்லாம் ஒரு தரம் திரும்பிப் பாத்தாரு. சொல்லாமயே போயிட்டாரு."

அப்பா, நன்றியை நீங்கள் அன்றே சொல்லிவிட்டீர்கள். நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்புதான் இன்னும் என்னிடமே இருக்கிறது.