நாத்தனார் அளந்த முப்பத்தாறு

மார்ச் 4
மறுபடியும் நிராகரித்துவிட்டாள். வாயு கசியும் சத்தம் நம் காதுக்கு எட்டாது. நாற்பது கிலோஹெர்ட்ஸில் அதைக் கேட்டு எச்சரிக்கும் கருவி இது. அந்த அதிர்வெண்ணை மட்டும் பிடித்து உயர்த்தும் ஒத்ததிர்வுச் சுற்று என் வடிவமைப்பு. சோதனைப் பிரிவிலிருந்து தாள் வந்தது: ‘உச்சம் 36 கிலோஹெர்ட்ஸ்.’ கீழே என் நாத்தனாரின் கையெழுத்து. ஒரே வீடு, ஒரே அலுவலகம் — எங்கே போய் முட்டிக்கொள்ள?

மார்ச் 5
“மீட்டர் காட்டுறதத்தான் எழுதினேன் அண்ணி” என்றாள், முகத்தைக்கூடப் பார்க்காமல். மீட்டரா காட்டுகிறது? கல்யாணமான நாளிலிருந்து இவள் மனசில் இருப்பதல்லவா காட்டுகிறது! நான்கு முறை கணக்குப் போட்டுவிட்டேன். நாற்பதுதான்.

மார்ச் 9
மேலாளரிடம் நேராகவே போனேன். “இது வீட்டுப் பகை சார். சர்க்யூட் போர்டுல ஒரு குத்தமும் இல்ல.” அவளைக் கேட்காமலே கருவிகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

மார்ச் 13
நான்கு நாளாக வீட்டில் பேச்சில்லை. நிம்மதி.

மார்ச் 20
ஒரு தொழிற்சாலையில் குழாய் கசிந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் என் கருவி வாயைத் திறக்கவில்லை. குழாய் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொள்வாராம். அவள்தான் போர்டில் ஏதோ செய்திருக்க வேண்டும். செய்திருப்பாளா? ச்சீ, என்ன எழுதுகிறேன்.

மார்ச் 21
நானே அளந்தேன். 36.
மின்தடை, மின்தேக்கி எல்லாம் சரி. சிக்னலைப் பெருக்கும் சில்லான ஆப்-ஆம்பைக் கழற்றிவிட்டு அதைவிடப் பல மடங்கு வேகமான ஒன்றைப் பொருத்தினேன். 39.8.
அதிர்வெண் ஏற ஏற ஆப்-ஆம்பின் பெருக்கும் திறன் இறங்கும். ஒத்ததிர்வின் உச்சமும் கீழே நழுவும். என் கணக்கில் அந்தத் திறனுக்கு எல்லையே இல்லை என்று வைத்திருந்தேன். நாலு தடவையும் அதே தப்பு. அவ மேல இருந்த ஆத்திரத்துல எனக்குக் கண்ணே தெரியலியே!

மார்ச் 24
விசாரணை. “சோதனைப் பிரிவு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்” என்று மேலாளர் நைசாகக் கழன்றுகொள்ளப் பார்த்தார்.
“அவங்க சொன்னாங்க சார். பகைன்னு சொன்னது நான். தப்பும் என்னுது.”
அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வடிவமைப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி சோதனைப் பிரிவு. அவளுக்குக் கீழே.

ஏப்ரல் 2
முதன்முதலாக ஒரு போர்டை நிராகரித்தேன். வடிவமைத்தவர் போனில் கத்தினார் — பதவி போன எரிச்சலை அவர்மேல் காட்டுகிறேனாம். நாத்தனார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “அவங்க அளந்தா அளந்ததுதான் சார்.” வைத்துவிட்டாள்.
என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸிலும் தனித்தனி சீட்டில்தான் வந்தோம்.