தனக்கொடியின் மசக்கை

பாகூர்
1938, ஆவணி 10

சைகோனில் வேலை பார்க்கும் என் மகன் தங்கவேலுவுக்கு அம்மா காசம்மாளின் ஆசீர்வாதம். உன் பெண்சாதி தனக்கொடி பிழைத்துவிட்டாள். மற்றதைப் படிக்குமுன் இதை இரண்டு தரம் படித்துக்கொள்.

உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று சித்திரையில் எழுதினேனே, அது இல்லையப்பா. யாரும் வேண்டுமென்று சொன்ன பொய்யும் இல்லை. மாசியில் நீ கப்பலேறிய பிறகு அவளுக்கு நாள் தள்ளிப்போனது. வாந்தி, தலைச்சுற்றல். முகம் கறுத்தது. உப்பை அள்ளி அள்ளித் தின்றாள், ஊறுகாய் ஜாடியை வழித்து நக்கினாள். மருத்துவச்சியும் நாடி பார்த்து மசக்கைதான் என்றாள். நான் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன்.

ஐந்து மாதமாகியும் வயிறு தெரியவில்லை. உடம்புதான் கரைந்தது. வைத்தியர் வந்து பார்த்துச் சோகை என்றார், உப்பில்லாப் பத்தியம் என்றார். நான் உப்புச் சட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "ஒரே ஒரு கல்லு குடு அத்தே" என்று என் காலைப் பிடித்தாள். நாக்கு அடங்காதவள், சோம்பேறி என்று திட்டினேன். படுபாவி நான். நாலாம் நாள் மாட்டுத் தொட்டியருகே விழுந்து கிடந்தாள். மாட்டுக்கு உப்புப் போட்டுக் கலந்த தவிடு அவள் வாயில் இருந்தது.

வண்டி கட்டிக்கொண்டு ஓடினோம். வழியில் ஒரு டாக்டர் மலைக்காய்ச்சல் என்றார். டவுனில் ஒருவர் க்ஷயம் என்றார். ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர்தான் அவள் உதட்டை விலக்கி ஈறையும், கையை விரித்து உள்ளங்கை ரேகையையும் பார்த்தார். இரண்டும் கறுத்திருந்தன. "நம்ம கறுப்பு வேற, இந்தக் கறுப்பு வேறம்மா" என்று கம்பவுண்டர் எனக்கு எடுத்துச் சொன்னார். மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய்க்கு மேலே இருக்கிற சின்னச் சுரப்பி வேலை செய்யவில்லையாம். அதனால் உடம்பில் உப்பு தங்குவதில்லையாம். ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "இன்னா அத்தே, கஞ்சி கிஞ்சி இருக்கா?" என்றாள். அப்பாடா! எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இனி ஆயுசுக்கும் ஊசியும் நிறைய உப்பும் வேண்டுமாம். உப்புச் சட்டி இப்போது அவள் தலைமாட்டில் இருக்கிறது. நீ அனுப்பிய சின்னச் சட்டைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிள்ளை பிறக்குமா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

கோபம் வந்தால் என்மேல் காட்டு. தான் உன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, உன் கடிதத்துக்குப் பயந்து கிடக்கிறாள் அந்தப் பெண். இந்த ஒரு தரம் என் பெயருக்கு எழுதாதே. உறைமேல் தனக்கொடி என்று போட்டு எழுது. நான் பிரிக்க மாட்டேன்.

நல்லாயிரு மகனே.

அம்மா,
காசம்மாள்